கெட்டுப்போன துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்: சூளைக் கண்ணாடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணக் கண்ணாடித் தகடுகளை வெட்டி, அடுக்கி, மின்சூளையில் ஏறக்குறைய 800 டிகிரி வரை சூடாக்கி ஒரே துண்டாக்கும் வேலையை ஃபியூசிங் என்கிறோம். அந்தத் துண்டை அச்சின் மேல் வைத்து 650 டிகிரியை ஒட்டிய சூட்டில் கிண்ணமாகவோ தட்டாகவோ தொய்யவிடுவது ஸ்லம்பிங். இந்த வேலையைப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஏதோ ஒன்று உடைந்த பிறகோ, குமிழ்ந்த பிறகோ, சூளைக்குள் கண்ணாடியைத் தாங்கும் தட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகோ வருபவை. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

பதில்கள் அனைத்துக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. கெட்டுப்போன துண்டு தனக்கு என்ன நேர்ந்தது, எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதைத் தன் மேலேயே பதித்து வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த சூட்டுக்கு வெப்பநிலையை மாற்றுவது வீண்.

சூளையைத் திறந்தால் துண்டு இரண்டாகக் கிடக்கிறது. எப்போது உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். உடைந்த விளிம்பைக் கவனமாகப் பாருங்கள். விளிம்பு மழுங்கி, உருண்டு, பளபளப்பாக இருந்தால் சூடு ஏறும்போதே உடைந்திருக்கிறது. உடைந்த பிறகும் சூளை மேலே போனதால் கூர்மை உருகிப்போயிற்று. விளிம்பு பிளேடு மாதிரி கூராக இருந்தால் அது உடைந்தது இறங்கும்போது, அல்லது எல்லாம் முடிந்த பிறகு. இந்த ஒரு சோதனையே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். மழுங்கிய விளிம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவைக்கும் நேரத்தைக் கூட்டுகிறவர்கள் நிறைய. அவர்களுடைய அடுத்த துண்டும் அதே இடத்தில்தான் உடையும்.

ஸ்லம்பிங்கில் விளிம்பு அவ்வளவு தெளிவாகப் பேசாது, ஏனென்றால் அந்தச் சூட்டில் கூர்மை முழுதாக உருகுவதில்லை. அங்கே வேறு வழி. இரண்டு பாதிகளையும் கையில் எடுத்துப் பொருத்திப் பாருங்கள். வளைந்த வடிவத்தில் அச்சு அசலாகப் பொருந்தினால், வளைந்த பிறகு உடைந்தது. பொருந்தாமல் நடுவில் இடைவெளி விழுந்தால், தட்டையாக இருக்கும்போதே உடைந்து, ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக வளைந்திருக்கிறது.

சூடு ஏறும்போது ஏன் உடைகிறது?

கண்ணாடியின் ஒரு பகுதி சூடாகி விரிய, இன்னொரு பகுதி குளிர்ந்தே இருக்கிறது. விளிம்பு சூளையைச் சூடேற்றும் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது முதலில் விரியும், நடு இழுபடும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் விரிசல் பெரும்பாலும் நடுவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

இந்த ஆபத்து கண்ணாடி கெட்டியாக இருக்கும் வரைதான். 500 டிகிரியைத் தாண்டி நன்றாக மேலே போய்விட்டால், அது இளக ஆரம்பித்துவிடுவதால் வெப்ப அதிர்ச்சியில் உடையாது. ஆகவே மெதுவாகப் போகவேண்டியது கீழ்ப் பாதையில். இரண்டு 3 மி.மீ. தகடுகளை அடுக்கிய முதல் சூட்டுக்கு மணிக்கு 220 டிகிரி என்பது பலரும் பின்பற்றும் வேகம். ஏற்கெனவே ஒன்றாகி 6 மி.மீ. பலகையாகிவிட்ட துண்டை ஸ்லம்பிங்குக்காக மறுபடி சூடாக்கும்போது மணிக்கு 150 அல்லது அதற்கும் கீழே போகவேண்டும். இரண்டாவது சூட்டுக்கும் முதல் சூட்டின் வேகத்தையே போட்டுவிடுவதுதான் பழகுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற பிழை. அடுக்கி வைத்த இரண்டு தகடுகள் தனித்தனியாக விரியும். ஒன்றாகிவிட்ட பலகைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

விளிம்பு கூராக இருக்கிறது. விரிசல் வளைந்து வளைந்து போகிறது. இது என்ன?

அனீலிங் போதவில்லை. உருகிய கண்ணாடியை அதன் இறுக்கம் தளரும் வெப்பநிலையில் நிறுத்தி, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மெல்ல இறக்குவதுதான் அனீலிங். அதை அவசரப்படுத்தினால் மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும். அந்த இழுபறி நிரந்தரமாக உள்ளே தங்கிவிடும். அப்படிப் பிறக்கும் விரிசல் பெரும்பாலும் பாம்பு மாதிரி நெளிந்து, விளிம்பை நெருங்கும்போது கொக்கி போலத் திரும்பும். சூளையில் முழுதாக வந்த துண்டு பல நாள் கழித்து அலமாரியில் தானாக விரிவதும் இதனால்தான்.

ஒரு தட்டுக்கு இத்தனை மணி நேரம் உண்மையிலேயே தேவையா? கணக்கு எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தடிமன் விஷயத்தில் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் தோன்றும். நிலைநிறுத்தும் நேரம் அப்படித்தான் கூடுகிறது. ஆனால் இறக்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையவேண்டும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் உள்ள புல்ஸ்ஐ நிறுவனம் தன் கண்ணாடிக்குத் தரும் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. பலகையை 482 டிகிரியில் 2 மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 55 டிகிரி வீதம் 427 வரை இறக்கவேண்டும். 25 மி.மீ. என்றால் 4 மணி நேரம். மணிக்கு 15 டிகிரி. 50 மி.மீ. என்றால் 8 மணி நேரம், மணிக்கு 3.8 டிகிரிதான். முதல் 55 டிகிரியைக் கடக்க மெல்லிய பலகைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, தடித்ததற்கு ஏறக்குறைய பதினான்கரை மணி நேரம் ஆகிறது. 427க்குக் கீழேயும் படிப்படியாகத்தான் வேகத்தைக் கூட்டலாம். வழக்கமான 6 மி.மீ. தட்டுக்கு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 83 டிகிரி வீதம் 371 வரை இறக்கி, பிறகு சூளையைத் தானாக ஆறவிட்டால் போதும்.

ஒரு இடத்தில் தடிப்பாகவும் இன்னொரு இடத்தில் மெல்லியதாகவும் இருக்கும் துண்டுகளுக்கு இன்னும் இரக்கம் காட்டவேண்டும். மேலே வைத்த துண்டுகள் முழுதாக உருகாமல் புடைத்து நிற்கும் டாக் ஃபியூஸ் வேலைக்கு, மிகத் தடித்த இடத்தின் அளவைப் போல இரண்டு மடங்கு தடிமன் உள்ள பலகைக்கான கணக்கைப் போடுங்கள்.

இது சின்னத் தட்டுகளுக்கு மட்டும் உள்ள பிரச்சினையா? பெரிய ஆலைகளில் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது, அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது. கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள தொலைநோக்கிக்காக 200 அங்குலம், அதாவது 5 மீட்டருக்கும் மேல் அகலமுள்ள ஆடி ஒன்றை நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஆலை வார்த்தது. எடுத்த எடுப்பில் அதில் இறங்கவில்லை. 30, 60, 120 அங்குலம் என்று படிப்படியாகப் பழகினார்கள். ஆடியின் எடையைக் குறைக்க அதன் பின்புறத்தில் குழிகள் விழவேண்டும். அதற்காக அச்சுக்குள் கட்டைகளைப் பொருத்தி, உலோக ஆணிகளால் பிடித்து வைத்திருந்தார்கள். 1934 மார்ச்சில் வார்த்தபோது உருகிய கண்ணாடியின் சூட்டில் அந்தப் பிடிகள் விட்டுப்போய், சில கட்டைகள் மேலே மிதந்து வந்துவிட்டன.

அவர்கள் அடுத்து செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கண்ணாடியின் கலவையையோ ஆடியின் வடிவத்தையோ மாற்ற ஓடவில்லை. எது விட்டுப்போனதோ அதைத் திருத்தினார்கள்: வெப்பம் தாங்கும் உலோகக் கலவையில் பிடிகளைச் செய்து, 1934 டிசம்பரில் மறுபடி வார்த்தார்கள். அந்த ஆடி மெல்ல ஆறப் பத்து மாதம் ஆயிற்று. நடுவே 1935 ஜூலையில் ஊருக்குள் வெள்ளம் வந்து மின்சாரமே இல்லாமல் போனது; ஆடி அதையும் தாங்கியது. 1936இல் ரயிலில் மேற்குக் கடற்கரைக்குப் போய், பல ஆண்டுகள் தேய்த்து மெருகேற்றப்பட்டு, 1949இல் வானத்தைப் படம் பிடிக்கத் தொடங்கியது. முதல் ஆடியையும் அவர்கள் உடைத்துப் போடவில்லை. கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம்.

கண்ணாடியில் 90, 96 என்று சி.ஓ.ஈ. எண் போட்டிருக்கிறது. ஒரே எண் உள்ளவற்றைச் சேர்த்தால் போதுமா?

போதாது. அந்த எண் வெப்பத்தில் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதைக் காட்டுகிறது. 90 என்றால் ஒரு டிகிரி ஏறினால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு கோடியில் 90 பங்கு சென்டிமீட்டர் நீளும். 90ஐயும் 96ஐயும் ஒன்றாக உருக்கி 30 செ.மீ. தட்டு செய்தால், அது 500 டிகிரியிலிருந்து அறைச் சூட்டுக்கு வரும்போது இரண்டுக்கும் நடுவே சுமார் 0.08 மி.மீ. வேறுபாடு வரும். ஒரு தலைமுடியின் பருமன்தான். தட்டு உடைய அதுவே போதும்.

ஆனால் எண் ஒன்றாகவே இருந்தாலும் கண்ணாடிகள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த எண்ணை அளப்பது சுமார் 300 டிகிரி வரை உள்ள கெட்டி நிலையில். இறுக்கம் உள்ளே பூட்டிக்கொள்வதோ அதற்கு வெகு மேலே, கண்ணாடி இளகிய நிலையிலிருந்து கெட்டியாகும் இடத்தில். அங்கே ஒவ்வொரு கண்ணாடியும் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் பொருத்தத்தைத் தீர்மானிக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தகட்டு வகையையும் உருக்கிப் பார்த்துச் சோதிப்பது இதனால்தான்.

இந்தச் சோதனைப் பழக்கம் வந்ததே உடைந்த கண்ணாடிகளால். ஜெர்மானியக் கலைஞர் கிளவுஸ் மொய் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து உருக்கிக் கிண்ணம் செய்துவந்தார். ஒன்றோடொன்று பொருந்தும் வண்ணங்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. 1979இல் வாஷிங்டன் மாநிலத்தின் பில்ச்சக் கண்ணாடிப் பள்ளியில் கற்பிக்க வந்தபோது, 1974இல் தொடங்கப்பட்டிருந்த புல்ஸ்ஐ நிறுவனத்தினரைச் சந்தித்தார். சூளையில் சேர்ந்து உருகும் வண்ணக் கண்ணாடி வரிசையை அந்த நிறுவனம் உருவாக்கியதில் அந்தச் சந்திப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மொய் 1982இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குப் போய் அங்கே கண்ணாடித் துறையைத் தொடங்கினார். இன்று நாம் கடையில் "சோதிக்கப்பட்டது" என்ற சீட்டோடு தகடு வாங்குவது இப்படி வந்த வசதி.

பொருந்தாத கண்ணாடியால் வந்த விரிசலை எப்படி அடையாளம் காண்பது? முன்பே சோதிக்க வழி உண்டா?

விரிசல் இரண்டு நிறங்கள் சேரும் எல்லையையே பிடித்துக்கொண்டு போகும். ஒரு வண்ணப் பொட்டைச் சுற்றி வளையமாக வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முன்பே சோதிக்க எளிய வழி இருக்கிறது. நிறமற்ற கண்ணாடிப் பட்டை ஒன்றின் மேல், சந்தேகமுள்ள கண்ணாடிகளின் சின்னச் சில்லுகளை இடைவெளி விட்டு வையுங்கள். அந்தப் பட்டையிலிருந்தே வெட்டிய நிறமற்ற சில்லு ஒன்றையும் கட்டாயம் வையுங்கள். முழுதாக உருக்கி, ஒழுங்காக அனீல் செய்யுங்கள். பிறகு கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரைக்கு முன்னே பிடித்துத் திருப்புங்கள். எல்.சி.டி. திரையாக இருந்தால் ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். அந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே பட்டையைப் பிடியுங்கள். சில்லைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அங்கே இறுக்கம் இருக்கிறது. வட்டம் பளிச்சென்று இருந்தால் அந்த இணையை மறந்துவிடுங்கள்.

நிறமற்ற சில்லைச் சுற்றியும் ஒளி தெரிந்தால்? அது தன்னோடு தானே பொருந்தாமல் போகாது. அப்படியானால் பழுது உங்கள் அனீலிங்கில். அந்த ஒரு சில்லு இல்லாமல் செய்யும் சோதனை பாதிச் சோதனைதான்.

ஜன்னல் கண்ணாடி, பழைய பாட்டில்களைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. வெளிநாட்டு வண்ணத் தகடுகளின் விலையைப் பார்த்தால் நம் ஊரில் பழக ஏற்றது கண்ணாடிக் கடையில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகள்தான். மூன்று எச்சரிக்கைகள் மட்டும். வண்ணத் தகடுகளோடு அதைச் சேர்க்காதீர்கள், அதன் சி.ஓ.ஈ. 80களின் நடுவில் இருக்கிறது. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளையே சேருங்கள். டஃபன்டு கண்ணாடியை, அதாவது வலுவூட்டப்பட்ட கண்ணாடியை, வெட்டவே முடியாது, தூளாகிவிடும்.

இந்தக் கண்ணாடிக்குச் சூடும் கூடுதலாக வேண்டும்: முழுதாக உருக 830ஐ ஒட்டி, அனீலிங்குக்கு 550ஐ ஒட்டி. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவதால் ஒரு பக்கத்தில் வெள்ளீயத்தின் சுவடு இருக்கும். வளைக்கும்போது அந்தப் பக்கம் சில நேரம் பனி படர்ந்தது போல வெளுக்கும். அது அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது.

பாட்டில்களில் ஒவ்வொரு ஆலையின் கலவையும் வேறு. ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் சேர்ப்பது நல்லது. இரண்டு பச்சை பாட்டில்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது ஒன்றுக்கும் உறுதி இல்லை.

நடுவில் பெரிய குமிழி வந்துவிட்டது.

குமிழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலா, மொத்தக் கண்ணாடிக்கும் அடியிலா?

நடுவில் என்றால், காற்று வெளியேறும் முன் விளிம்புகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. 620 முதல் 675 டிகிரி வரை உள்ள இடத்தில் கண்ணாடி ஒட்டாமல் மெல்லத் தொய்யும். அங்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொடுத்தால் மேல்தகடு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் காற்றைத் தள்ளிவிடும். அடுக்கும் முறையும் முக்கியம். நான்கு பக்கமும் சட்டம் போலத் துண்டு வைத்து நடுவைக் காலியாக விட்டால், காற்றுக்கு நீங்களே சிறை கட்டியிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் அது போகாது.

அடியில் என்றால் வேறு கதை. மேலே ஊதிப் புடைத்து, சில நேரம் வெடித்து ஓட்டையாகவும் ஆகும். கண்ணாடி ஒட்டாமல் இருக்கச் சூளைத் தட்டில் பூசிய கில்ன் வாஷ் முழுதாகக் காயவில்லை, அல்லது அந்தத் தட்டே நடுவில் குழிந்திருக்கிறது. ஒரு நேரான அடிஸ்கேலைத் தட்டின் மேல் நிறுத்தி வைத்து வெளிச்சம் புகுகிறதா பாருங்கள். பூசிய தட்டை வெறுமனே 260 டிகிரி வரை சூடாக்கிக் காயவைத்தால் ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை. மழைக்காலத்தில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

வட்டமாக வெட்டியது சுருங்கி, ஓரத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. வேறொன்று வெட்டிய அளவை மீறி வழிந்துவிட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். முழுதாக உருகும் சூட்டில் கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் 6 முதல் 7 மி.மீ. தடிமனுக்கு வரப் பார்க்கும். ஒற்றை 3 மி.மீ. தகடு அந்தத் தடிமனைப் பெற உள்ளே சுருங்கும். ஓரம் தட்டில் பிடிபட்ட இடங்களில் முள் தங்கும். மூன்று அடுக்கு வெளியே பரவும். இரண்டு அடுக்கு வெட்டிய அளவிலேயே நிற்கும். இது விதி, இதோடு சண்டை போடமுடியாது. மெல்லியதாகவே வேண்டும் என்றால் சூட்டைக் குறைத்து டாக் ஃபியூஸோடு நிறுத்துங்கள். தடிப்பாக வேண்டும் என்றால் சுற்றிலும் ஃபைபர் பேப்பர் என்னும் வெப்பம் தாங்கும் இழைத்தாளை வைத்து அணை கட்டுங்கள்.

மேற்பரப்பு பளபளப்பு இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல இருக்கிறது.

கண்ணாடி மேலே படிகமாக மாற ஆரம்பித்திருக்கிறது. டிவிட் என்று சொல்வார்கள். ஏறக்குறைய 700 முதல் 800 டிகிரிக்குள் கண்ணாடி அதிக நேரம் இருந்தாலும், மேலே அழுக்கோ விரல் எண்ணெயோ இருந்தாலும் அது வரும். திரும்பத் திரும்பச் சூடாக்கிய துண்டிலும் ஜன்னல் கண்ணாடியிலும் சீக்கிரம் வரும்.

எங்கே வந்திருக்கிறது என்பது காரணத்தைச் சொல்லும். விரல் வைத்த இடங்களில், துணியால் துடைத்த கோடுகளில் மட்டும் என்றால் அழுக்கு. துண்டு முழுதும் ஒரே சீராக என்றால் நேரம். போர்வெல் தண்ணீரில் கழுவிக் காற்றில் காயவிட்டால் உப்புத் தடம் நிற்கும். அந்தத் தடம் சூளையில் வெளுப்பாக நிலைத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ போதும், ஆனால் தானாகக் காயவிடாமல் பஞ்சு உதிராத துணியால் உடனே துடைக்கவேண்டும். உச்ச வெப்பநிலையிலிருந்து அனீலிங் வெப்பநிலைக்கு இறங்கும்போது மட்டும் மெதுவாகப் போகத் தேவையில்லை. அந்த இடத்தைச் சூளை எவ்வளவு வேகமாக ஆறுமோ அவ்வளவு வேகமாகக் கடக்கட்டும். கதவைத் திறக்கவேண்டியதில்லை.

வந்த படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, நிறமற்ற கண்ணாடித் தூளை மெல்லச் சலித்துத் தூவி மறுபடி முழுதாக உருக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

அடியில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

கில்ன் வாஷ் என்பது அலுமினா, கயோலின் களிமண் கலவை. ஒருமுறை முழு உருக்கும் சூட்டைப் பார்த்த பூச்சு தன் குணத்தை இழந்துவிடும். அதன் மேலேயே அடுத்த துண்டை வைத்தால் ஒட்டும். ஒவ்வொரு ஃபுல் ஃபியூஸுக்குப் பிறகும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். ஸ்லம்பிங் அச்சுகளின் பூச்சு குறைந்த சூட்டையே பார்ப்பதால் பலமுறை தாங்கும். ஒட்டியதை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் ஓரளவு வரும்.

சுரண்டும்போது முகமூடி போடுங்கள், துணி முகமூடி போதாது; என்95 ஆவது வேண்டும். கில்ன் வாஷ் தூள், சுட்ட ஃபைபர் பேப்பரின் தூள், கண்ணாடித் தூள் மூன்றும் நுரையீரலுக்குள் போகக்கூடாதவை. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் குழந்தைகள் நடமாடும் அறையில் இந்த வேலையே வேண்டாம்.

நீலமும் மஞ்சளும் சேரும் இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. அழுக்கா?

அழுக்கு இல்லை. பல நீலப்பச்சைக் கண்ணாடிகளில் தாமிரம் இருக்கிறது. பல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகளில் கந்தகம் இருக்கிறது. இரண்டும் சூட்டில் தொட்டுக்கொண்டால் கருமையான கோடு பிறக்கும். இதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே கோடு வரையப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் நடுவில் நிறமற்ற கண்ணாடியை வையுங்கள்.

வளைத்த கிண்ணம் அச்சைக் கவ்விக்கொண்டு விரிந்துவிட்டது.

அச்சு என்ன பொருள், கண்ணாடி அதன் உள்ளே இருந்ததா, மேலே கவிழ்ந்திருந்ததா என்பதைப் பொறுத்தது. ஆறும்போது எஃகு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும்; பீங்கான் அச்சு குறைவாகச் சுருங்கும். பீங்கான் கிண்ணத்துக்குள் தொய்யவிட்டால் கண்ணாடி தானாக விலகி வரும். அதே பீங்கானைக் கவிழ்த்து அதன் மேல் கண்ணாடியைத் தொங்கவிட்டால், கண்ணாடி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விரியும். கவிழ்த்துப் போர்த்தும் வேலைக்கு எஃகு அச்சுதான் ஏற்றது.

கிண்ணம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் ரசமட்டம் வைத்து அச்சைப் பாருங்கள். பிறகு சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

இன்னொருவர் கொடுத்த ஸ்கெட்யூலை, அதாவது சூளைக்கான வெப்ப-நேர அட்டவணையை, அப்படியே போட்டேன். அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை.

சூளையை இயக்கும் கண்ட்ரோலர் காட்டுவது, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை இருக்கும் இடத்தின் சூடு. கண்ணாடியின் சூடு வேறு. உங்கள் சூளையில் அந்த முனை கம்பிச்சுருளுக்கு அருகிலும் அவருடையதில் கண்ணாடிக்கு அருகிலும் இருக்கலாம். மேலிருந்து சுடும் சூளைக்கும் பக்கங்களிலிருந்து சுடும் சூளைக்கும் வேறுபாடு இன்னும் அதிகம். ஆகவே அவர் எண்ணைக் கடன் வாங்கலாம், தொடக்கமாக மட்டும்.

இரண்டு அடுக்குச் சதுரங்கள் சிலவற்றை ஒரே அளவில் வெட்டி, தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துச் சுடுங்கள். எந்தச் சதுரத்தின் முனைகள் அதிகம் உருண்டிருக்கின்றனவோ அங்கே சூடு அதிகம். பிறகு 780, 790, 800 என்று ஒவ்வொரு உச்சத்துக்கும் ஒரு சதுரம் செய்து, பின்னால் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சூளைக்கு இதைவிட நல்ல கையேட்டை எந்த நிறுவனமும் தரமுடியாது.

நோட்டில் எதையெல்லாம் எழுதவேண்டும்?

கண்ணாடியின் பெயர், தடிமன், அடுக்கிய வரிசை, தட்டில் எந்த இடம், போட்ட ஸ்கெட்யூல், வந்த முடிவு. சுடுவதற்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமும். ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் மூன்றை மாற்றி, துண்டு நன்றாக வந்துவிட்டால் எது காப்பாற்றியது என்றே தெரியாமல் போகும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

முதல் விதி, திறக்காதீர்கள். மூடிய சூளை சூட்டை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும் உள்ளே எத்தனை டிகிரி என்று பாருங்கள். ஏறும்போது நின்றிருந்தால் அந்த இடத்திலிருந்தே மெதுவாகத் தொடருங்கள். உச்சத்துக்குப் பிறகு நின்று, அனீலிங் வெப்பநிலையைத் தாண்டிக் கீழே போயிருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. இறுக்கம் உள்ளே பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். விரிசல் விழாத துண்டை மெதுவாக மறுபடி அனீலிங் வெப்பநிலைக்கு மேல் கொண்டுபோய், அங்கே நிறுத்தி, முறையாக இறக்கினால் அந்த இறுக்கம் போய்விடும்.

மின்சாரம் திரும்பியதும் உங்கள் கண்ட்ரோலர் விட்ட இடத்திலிருந்து தொடருமா, நின்றுவிடுமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா என்பதை வெறும் சூளையை வைத்து முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

உடைந்ததை மறுபடி ஒட்டவைக்கலாமா?

காரணத்தைப் பொறுத்தது. வெப்ப அதிர்ச்சியிலோ அனீலிங் குறையாலோ உடைந்திருந்தால், சுத்தம் செய்து சேர்த்து வைத்து, மெதுவாக ஏற்றி, முழுதாக உருக்கலாம். கோடு லேசாகத் தெரியும். மேலே ஃபிரிட், அதாவது கண்ணாடிக் குறுணல், தூவினால் மறையும். பொருந்தாத கண்ணாடியால் உடைந்ததை எத்தனை முறை உருக்கினாலும் மறுபடி உடையும். அதைச் சில்லுகளாக்கி வேறு வேலைக்குச் சேர்த்து வைக்கவும் வேண்டாம். கலந்துவிட்டால் எந்தச் சில்லு எந்தக் கண்ணாடி என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. மற்ற வெட்டுத் துண்டுகளை வகை வாரியாக டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் கண்ணாடியின் பெயரையும் எண்ணையும் அன்றே எழுதிவிடுங்கள்.